தோற்றவர் இயற்றிய தரவரிசை: ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாந்தரின் ஏற்றத்தாழ்வு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சண்டை விளையாட்டுகளில் வரும் மாந்தரை வலியோர், இடையோர், மெலியோர் எனப் பகுத்து நிரல்படுத்தும் மரபு முப்பதாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் வழங்கி வருகிறது. அம்மரபு தோன்றிய காரணத்தையும் அதன் உட்பூசல்களையும் ஆராயப் புகும் இக்கட்டுரை, கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்னும் ஆட்டத்தை முதன்மை மூலமாகக் கொள்கிறது. தரவரிசை என்பது வலிமையை அளக்கும் கருவியன்று, தோற்றவர் எழுதிக் கொடுக்கும் முறையீட்டு மனு என்பதே நம் கருதுகோள். ஆய்வாளருக்கு எந்த மாந்தர் மீதும் தனிப்பற்று இல்லை என்பது தொடக்கத்திலேயே பதிவு செய்யப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வலிமை, மெலிமை, நாணயம், பழி, பிளாங்கா.

1. ஆய்வு எல்லை

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் முதல் பாகம் 1987இல் வந்தது. அதில் முதல் ஆட்டக்காரருக்கு ரியூ, எதிரே வந்து சேர்பவருக்குக் கென். இருவருக்கும் அடியும் ஒன்று, உதையும் ஒன்று. உடையும் முடியும் மட்டுமே வேறு. ஏற்றத்தாழ்வுக்கு இடமே இல்லாத இக்காலத்தைத் தரவரிசைக்கு முற்பட்ட பொற்காலம் எனலாம். பொற்காலங்களின் பொதுவிதிப்படி, அந்த ஆட்டத்தை இன்று விரும்பி ஆடுபவர் அரியர்.

1991இல் வந்த இரண்டாம் பாகம் எண்வரைத் தந்தது: ஜப்பானின் ரியூ, எட்மண்ட் ஹோண்டா, அமெரிக்காவின் கென், கைல், சீனத்தின் சுன்-லி, பிரேசிலின் பிளாங்கா, சோவியத் ஒன்றியத்தின் ஸாங்கீஃப், இந்தியாவின் தால்சிம். குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பட்டன்கள், ஒரு ஜாய்ஸ்டிக். எட்டுப் பேர் எட்டு விதமாக அடிக்கத் தொடங்கிய அன்றே, யார் அடி பெரிது என்ற வினா பிறந்துவிட்டது.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு. ஸாங்கீஃபை வைத்து ஆட்டத்தை முடித்தால், கோர்பசேவாகவே தோன்றும் தலைவர் ஒருவர் நேரில் வந்து அவரோடு சேர்ந்து ஆடிப் பாராட்டுவார். ஆட்டம் வெளியானது 1991 தொடக்கத்தில். அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் ஒன்றியமே கலைந்துபோயிற்று. வென்று முடிப்பதற்குள் நாடே இல்லாமற்போகும் அளவுக்கு ஸாங்கீஃபை வைத்து வெல்வது கடினம் என்று இதற்கு உரை காண்பாரும் உளர். அது மிகையுரை.

2. மூலபாடச் சிக்கல்

எந்த நூலையும் ஆராயுமுன் எந்தப் பதிப்பு என்று கேட்பது அறிஞர் வழக்கம். அவ்வழக்கத்தை ஸ்ட்ரீட் ஃபைட்டரிடம் காட்டினால் ஆய்வாளருக்கே தலை சுற்றும். 1992இல் ‘சாம்பியன் எடிஷன்’ வந்தது. அதுவரை கணினி மட்டுமே ஆட்டிவந்த நான்கு வில்லன்களை நாமும் எடுத்து ஆடலாம் என்றாயிற்று. அவ்வாண்டே வேகம் கூட்டிய ‘ஹைப்பர் ஃபைட்டிங்’, 1993இல் புதியவர் நால்வரோடு ‘சூப்பர்’, 1994இல் ‘சூப்பர் டர்போ’. ஒவ்வொரு திருத்தப் பதிப்பும் யாரையோ ஏற்றியது, யாரையோ இறக்கியது. ஆகவே ‘கைல் வலியவர்’ என்று மொட்டையாகச் சொல்வது பொருளற்றது. எந்த ஆண்டின் கைல் என்று சொல்லியாக வேண்டும்.

இடைச்செருகல்களும் உண்டு. சாம்பியன் எடிஷனைக் கள்ளத்தனமாகத் திருத்தி, ‘வானவில் பதிப்பு’ என வழங்கப்பட்ட சுற்றுப்பலகைகள் ஆட்டக் கூடங்களில் பரவின. அவற்றில் காற்றில் குதித்தபடியே நெருப்புருண்டை எறியலாம். சண்டைக்கு நடுவிலேயே ஆளை மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கூத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவே கேப்காம் தன் ஹைப்பர் ஃபைட்டிங்கை முடுக்கிவிட்டது. போலிச் சுவடியைக் கண்டு மூல ஆசிரியர் தம் நூலைத் திருத்திக்கொண்ட நிகழ்ச்சியாக இதனைக் கருதுக.

பாடபேதங்களுள் மிகக் கொடியது பெயர்ப் பிறழ்ச்சி. அந்த நான்கு வில்லன்களுள், ஜப்பானில் குத்துச்சண்டைக்காரர் பெயர் எம்.பைசன், நகம் தரித்தவர் பால்ராக், சர்வாதிகாரி வேகா. குத்துச்சண்டைக்காரரின் பெயரும் தோற்றமும் மைக் டைசனை நினைவூட்டியதால், வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் வெளிநாட்டுப் பதிப்பில் மூன்று பெயர்களையும் சுழற்றிவிட்டார்கள். அங்கே குத்துச்சண்டைக்காரர் பால்ராக், நகக்காரர் வேகா, சர்வாதிகாரி எம்.பைசன். ‘வேகா வலியவர்’ என்று ஒரு ஜப்பானியரும் ஓர் அமெரிக்கரும் மனமொத்துத் தலையாட்டினால், இருவரும் வெவ்வேறு ஆளைத்தான் சொல்கிறார்கள். பன்னாட்டுப் போட்டிகளில் கூடியவர்கள் கடைசியில் பெயர்களையே கைவிட்டு, ‘குத்துக்காரர்’, ‘நகம்’, ‘சர்வாதிகாரி’ என்று தொழிலையும் கருவியையும் சொல்லி அழைக்கத் தொடங்கினர்.

3. தோற்றுவாய்

தரவரிசை ஏன் தோன்றியது? வலிமையை அறியும் ஆவலால் என்பர் முன்னாய்வாளர். அக்கூற்று ஏற்புடையதன்று. காரணம் நாணயம்.

ஆட்டக் கூடத்தில் ஒரு பொறியின் முன் இருவர் நிற்கின்றனர். வென்றவர் காசில்லாமல் அங்கேயே நின்று அடுத்த ஆளை அடிப்பார். தோற்றவர் விலகவேண்டும். ஜப்பானில் நூறு யென், அமெரிக்காவில் இருபத்தைந்து சென்ட் போயிற்று. மறுபடி ஆட வேண்டுமானால் திரைக்குக் கீழுள்ள விளிம்பில் அடுத்த நாணயத்தை வைத்து இடம்பிடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கூடங்களில் அது எழுதாச் சட்டம்.

இனி யாருக்கு ஓய்வு இருக்கிறது என்று பாருங்கள். வென்றவருக்கு இரண்டு கையும் நிறைய வேலை. தோற்றவரோ கைகட்டி நிற்கிறார். காசு போன வருத்தம் இருக்கிறது. பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. ஆய்வுக்கு வேண்டிய மூன்று துணைக் காரணங்களும் ஒருங்கே அமைந்துவிட்டன. பந்தியில் இடம் கிடைக்காதவர்தான் சாம்பாரைப் பற்றி நுட்பமாகப் பேசுவார். ‘நான் தோற்கவில்லை, கைலிடம் தோற்றேன்’ என்ற முதல் வாக்கியம் அந்த வரிசையில்தான் உதித்திருக்க வேண்டும். ஜப்பானில் இரண்டு பொறிகளை முதுகோடு முதுகு ஒட்டிவைத்து, எதிராளியின் முகமே தெரியாதபடி ஆடவிடும் முறை வந்த பின் இவ்வாய்வு இன்னும் செழித்தது. முகம் தெரியாத மனிதரிடம் தோற்றவர், தாம் கண்ணால் கண்ட மாந்தரின் மேல்தானே பழியைப் போட முடியும்?

இதனின்று இரு விதிகள் பெறப்படும். முதலாவது: தோற்றவர் எதிரியின் மாந்தரை ஒரு படி மேலேற்றுவார். இரண்டாவது: வென்றவர் தம் மாந்தரை ஒரு படி கீழிறக்குவார். முன்னதால் தோல்விக்கு விளக்கம் கிடைக்கிறது. பின்னதால் வெற்றிக்குப் பெருமை கூடுகிறது. இவ்விரண்டின் கிளைவிதி ஒன்றும் உண்டு: யாருமே எடுத்து ஆடாத மாந்தர் மட்டுமே வரிசையில் சரியான இடத்தில் இருப்பார். ஆனால் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

4. எண்வர் இயல்

கைல். அமெரிக்க விமானப்படைக்காரர். ஜாய்ஸ்டிக்கை ஏறத்தாழ ஒரு நொடி பின்னுக்கு இழுத்துப் பிடித்து, முன்னே தள்ளிக் குத்தினால் சோனிக் பூம் என்னும் உருண்டை பறக்கும். கீழே அழுத்தி வைத்திருந்து மேலே தள்ளி உதைத்தால், காற்றில் கரணம் அடிக்கும் உதை. இந்த ஆட்டத்தில் பின்னுக்கு இழுப்பதுதான் தடுப்பதும். ஆகையால் கைலை ஆடுபவர் சும்மா குந்தியிருக்கும்போதும் இரண்டு வேலை பார்க்கிறார். எதிரி நின்றால் சோனிக் பூம், குதித்தால் உதை. போதாக்குறைக்கு, முதல் பதிப்பின் நிரலில் நேர்ந்த தவறுகளுள் புகழ்பெற்றவையும் இவரிடமே குவிந்தன: தொட முடியாத தொலைவிலிருந்தே எதிரியைத் தூக்கியெறிவது அவற்றுள் ஒன்று. தவறுகூட ஒருவருக்கே சாதகமாக வந்து விடிவதை முன்னோர் ஊழ் என்றனர். ஆட்டக்காரர் வேறொரு சொல்லால் குறித்தனர். அச்சொல் ஆய்வேட்டில் இடம்பெறத் தக்கதன்று.

தால்சிம். எடை 48 கிலோ. கைகால்கள் திரையின் குறுக்கே நீளும். வாயிலிருந்து நெருப்பு வரும். நடை மட்டும் மெதுவு. கழுத்தில் மண்டையோடுகள், பின்னணியில் இருபுறமும் யானைகள், அடிக்கடி ‘யோகா’ என்ற முழக்கம். இந்தியாவைப் பற்றிக் கேள்விப்பட்ட அனைத்தையும் ஒரே ஆள் மேல் ஏற்றியிருக்கிறார்கள். நம் நாட்டார் இவரை உயர்த்திப்பிடிக்க விரும்புவது இயல்பு. நாட்டுப்பற்று ஆய்வில் நுழையலாகாது. நல்லவேளையாக நுழையத் தேவையும் இல்லை. முதல் பதிப்பிலேயே இவரைக் கைலுக்கு அடுத்து வைத்தவர் பலர். 1994 பதிப்பிலும் மேல்தட்டிலேயே இருக்கிறார். ஓங்கிய கை அவ்வளவு தூரத்திலிருந்து வந்து விழும்போது பக்கத்தில் வர யாரால் முடியும்? யானைகளுக்கும் மண்டையோடுகளுக்கும் இது தக்க இழப்பீடு.

சுன்-லி. எண்வருள் ஒரே பெண். நடையும் குதிப்பும் விரைவு. ரியூவும் கென்னும் முதல் பதிப்பில் அநேகமாக ஒருவரே. சாம்பியன் எடிஷன் முதல்தான் பிரிந்து வளர்ந்தார்கள். ஹோண்டா சுமோ மல்லர். கண்மூடித் திறப்பதற்குள் நூறு அறை, இல்லையேல் படுத்தவாக்கில் பறந்துவந்து தலையால் ஒரு முட்டு. ஸாங்கீஃப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் பிடிக்க வேண்டுமானால் ஜாய்ஸ்டிக்கை ஒரு முழு வட்டம் சுழற்றவேண்டும். அதற்குமுன் எதிரியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.

பிளாங்கா. இவரைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது ஆய்வுநெறிப்படி தேவையாகிறது. பச்சை உடல், செம்பட்டை முடி, தோலில் மின்சாரம். இவரை அஃறிணை என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவோர் உளர். கதை முடிவில் ஒரு தாய் இவருடைய கால்வளையங்களைக் கண்டு, தொலைந்துபோன தன் மகன் ஜிம்மி என்று அடையாளம் கண்டு கட்டிக்கொள்கிறாள். பெயரும் தாயும் உடையவர் உயர்திணையே. அப்படிப்பட்டவர் உடலைச் சுருட்டிப் பந்தாய் உருண்டு பாயும்போது எதிரி அடித்தால், முதல் பதிப்பில் இருமடங்கு சேதம்! பாய்ந்தது குற்றமா? துணிந்தவனுக்கு அபராதம், குந்தியிருப்பவனுக்கு சோனிக் பூமா? பிளாங்காவை வைத்து வென்ற ஒருவரின் திறமையை உலகம் இதுவரை உரியவாறு பாராட்டவில்லை. ஆய்வாளர் இதனை முற்றிலும் நடுவுநிலையோடு சுட்டுகிறார்.

5. கூட்டல் முறையும் அதன் குற்றங்களும்

முறையீடு கணக்காக மாறியது ஜப்பானில். கேமஸ்ட் போன்ற இதழ்கள் மாந்தர் பெயர்களை நெடுக்கிலும் குறுக்கிலும் எழுதிக் கட்டம் போட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் பத்துக்கு எத்தனை முறை இவர் அவரை வெல்வார் என்ற எண். ஐந்துக்கு ஐந்து என்றால் சமம். ஆறுக்கு நான்கு என்றால் சற்றே கை ஓங்கியது. ஏழுக்கு மூன்று என்றால் எதிரிக்கு அனுதாபம் தெரிவிக்கலாம். கட்டங்களைக் கூட்டினால் மொத்தம். மொத்தத்தை இறங்குமுகமாய் எழுதினால் தரவரிசை. பார்வைக்கு இதைவிடத் தூய அறிவியல் இல்லை.

இதில் குற்றங்கள் மூன்று. ஒன்று, வட்டத்தைக் கோடாக்கும் குற்றம். ரியூவின் ஹடோகென் என்னும் நெருப்புருண்டை நடந்து வருபவனைத் தடுக்கும். குதிப்பவன் ஹடோகெனைத் தாண்டுவான். ஷோர்யூகென் என்னும் மேலெழும் குத்து குதிப்பவனை வீழ்த்தும். தடுத்து நிற்பவன் ஷோர்யூகென்காரன் தரையிறங்கும்போது தண்டிப்பான். தடுத்து நிற்பவனைக் கிட்டே போய்ப் பிடித்துத் தூக்கியெறியலாம். ஆட்டத்தின் உயிரே இந்தச் சுழற்சிதான். ஹோண்டா ஸாங்கீஃபைப் புரட்டியெடுப்பார். தொலைவிலிருந்து உருண்டை எறிபவர் முன் அதே ஹோண்டா திணறுவார். அவரை ‘ஐந்தாமவர்’ என்பது இரண்டு உண்மைகளையும் கூட்டி வகுத்து ஒரு பொய்யாக்குவது.

இரண்டு, எல்லாரையும் சமமாகச் சந்திப்போம் என்று எண்ணும் குற்றம். கூட்டலில் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே மதிப்பு. கூடத்திலோ எதிரே வந்து உட்காருபவர்களில் ரியூவும் கென்னும்தான் எங்கும் நிறைந்திருப்பர். அவ்விருவரை மட்டும் வெல்லத் தெரிந்த ஒரு மாந்தர், கட்டத்தில் கீழே கிடந்தாலும் சாயங்காலம் முழுவதும் காசில்லாமல் ஆடிக்கொண்டிருப்பார்.

மூன்று, பிழையே செய்யாத ஆட்டக்காரர் என்ற கற்பிதம். ‘இருவரும் முழுத்திறனோடு ஆடினால்’ என்ற முன்னுரையோடுதான் இக்கட்டங்கள் வருகின்றன. அப்படி ஆடும் இருவரை யாரும் பார்த்ததில்லை. மேலும், இந்த ஆட்டத்தில் ஓர் அடி செய்யும் சேதமும், அடிபட்டவர் மயங்கும் கணக்கும் ஓரளவு தற்செயலையே பொறுத்தவை. முழுமையான இருவர் மோதினாலும் நடுவில் பகடை உருளும்.

6. கடைநிலையின் மூவகை

முதலிடத்தைப் பற்றியே பலரும் எழுதியிருப்பதால் கடைசி இடம் ஆராயப்படாமல் கிடக்கிறது. கடைநிலை மூவகைப்படும்: சூழலால் வருவது, திருத்தத்தால் வருவது, பிறப்பால் வருவது.

சூழலால் வருவதற்கு முதல் பதிப்பின் ஸாங்கீஃபே சான்று. அவர் வலிமை குறைந்தவர் அல்லர். அந்த வலிமையை அவர் எதிரியிடம் கொண்டுசேர்க்க வழியில்லை. தால்சிமின் கைகளையும் கைலின் உருண்டைகளையும் கடந்து வரும்போது உயிர்க்கோட்டில் பாதி கரைந்திருக்கும்.

திருத்தத்தால் வருவதற்குச் சான்று, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ வரிசையில் வரும் ஷான். கென்னின் சீடராகத் தம்மை எண்ணிக்கொள்ளும் இளைஞர். ‘செகண்ட் இம்பாக்ட்’ பதிப்பில் மற்றவர் அஞ்சும்படி இருந்தவரை, 1999இல் வந்த ‘தேர்ட் ஸ்டிரைக்’ அடித்தட்டுக்கு இறக்கிவிட்டது. பாடபேதம் ஒருவரின் வாழ்க்கையைக் கெடுத்த நிகழ்ச்சி இது.

பிறப்பால் வருவதற்குச் சான்று டான். 1995இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா’வில் மறைவான ஆளாக நுழைந்தவர். போட்டி நிறுவனமான எஸ்.என்.கே.யின் சண்டை ஆட்ட நாயகர்களைக் கிண்டல் செய்யவே படைக்கப்பட்டவர். இளஞ்சிவப்பு உடை, ஏராளமான வாய்ச்சவடால், கைநீளத்துக்கு மேல் போகாத நெருப்புருண்டை. இவர் கீழே இருப்பது படைத்தவர் கருத்து. மூவருள் மனநிறைவோடு இருப்பவர் டான் ஒருவரே. டானை எடுத்துத் தோற்றவரை யாரும் பழிப்பதில்லை. டானிடம் தோற்றவருக்குத்தான் ஊரில் தலைகாட்ட முடியாது. ஆகவே இரண்டாம் விதியின் முழுப் பயனையும் அடைய விரும்புவோர் இவரையே நாடுவர்.

7. விலக்கு இயல்

வரிசைக்கு மேலேயும் சிலர் உண்டு. முதல்தரத்தை ‘ஏ’ என்று வைத்தார்கள். அது போதாமல் ஜப்பானிய வழக்கப்படி அதற்கும் மேலே ‘எஸ்’ என்று ஒரு தரம் வைத்தார்கள். அதுவும் போதாமல் விலக்கி வைத்தார்கள். 1994 பதிப்பில் மறைந்துறையும் அக்குமா காற்றில் குதித்தபடியே கீழ்நோக்கி உருண்டை எறிகிறார். முன் சொன்ன சுழற்சியில் குதித்தலும் எறிதலும் எதிரெதிர். இவரோ இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறார். எனவே போட்டிகளில் அவருக்குத் தடை.

இதனினும் நுட்பமானது, முன் சொன்ன நான்கு வில்லன்களுள் ஒருவரான சாகாட்டின் பழைய வடிவத்தின் நிலை. அப்பதிப்பில் முந்தைய பதிப்பின் மாந்தரையும் ஒரு மறைகுறியால் எடுக்கலாம். பழைய சாகாட் புதிய சாகாட்டைவிட வலியவர். அவரை எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லாதபோதும், ஜப்பானிய ஆட்டக்காரர் தமக்குள் பேசிவைத்தாற்போல் எடுப்பதில்லை. தடையால் விலகுவது ஒழுங்கு, வெட்கத்தால் விலகுவது பண்பாடு. தரவரிசையின் உச்சி எங்கே என்று கேட்டால், எங்கே வென்றவர்க்கே கூச்சம் வருகிறதோ அங்கே என்பது விடை. மனுவுக்கு எதிர்த்தரப்பு தானே ஒப்புக்கொண்ட ஒரே வழக்கு இது.

8. மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

‘ஆள்தான் முக்கியம், மாந்தர் அன்று’ என்போர் தவறாமல் காட்டும் சான்று ஒன்று. 2004, கலிபோர்னியா, ஈவோ போட்டி, ஆட்டம் தேர்ட் ஸ்டிரைக். ஜஸ்டின் வாங்கின் சுன்-லிக்கு எதிராக டைகோ உமெஹராவின் கென் உயிர்க்கோட்டில் ஒரு கீற்றோடு நிற்கிறார். தடுத்தாலே உதிரிச் சேதத்தில் உயிர் போய்விடும். சுன்-லி தன் பெருந்தாக்குதலைத் தொடுக்கிறார்; பதினைந்து உதைகள். ஒவ்வோர் உதையும் வந்து படும் நொடித்துளியில் ஜாய்ஸ்டிக்கை முன்னே தட்டி, பதினைந்தையும் உதறித் தள்ளி, திருப்பியடித்து வென்றார் டைகோ. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அந்தக் காணொளியைப் பார்த்தவர் தரவரிசையை மறந்துவிடுவர்.

மறக்கலாகாது. அந்த ஆட்டத்தின் வரிசையில் சுன்-லி, யுன், கென் ஆகிய மூவரே மேல்தட்டு. எளியவன் வலியவனை வென்ற கதையாக இன்றுவரை சொல்லப்படுவது, உண்மையில் மாளிகைவாசிகள் இருவரின் சொத்துத் தகராறு. பதினைந்து உதைகளையும் உதறியது கைத்திறன். உதறியபின் ஒரே மூச்சில் முடித்துவைக்கும் அடி கையிருப்பில் இருந்தது கென்னின் குடிப்பிறப்பு. அப்போட்டியின் இறுதியாட்டத்தில் டைகோ வேறொருவரிடம் தோற்றார் என்பதையும் மறுப்பாளர்கள் சொல்வதில்லை. அவர்களும் ஒரு மனுவைத்தான் எழுதுகிறார்கள்; வென்றவர் தரப்பு மனு.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: தரவரிசை காத்திருப்போர் வரிசையில் பிறந்தது; அதன் எண்கள் வட்டத்தைக் கோடாக்கியவை; அதன் உச்சியில் கூச்சமும் அடியில் கிண்டலும் இருக்கின்றன; அதை ஏற்பவரும் மறுப்பவரும் தத்தம் தோல்வி வெற்றிகளுக்கே வழக்காடுகின்றனர். எனவே ஒரு தரவரிசையைப் படிப்பவர் மாந்தரை விடுத்து, அதை எழுதியவர் யாரை ஆடுகிறார், யாரிடம் அடிவாங்குகிறார் என்பதைத் தேடிக் கண்டடைக.

எனினும் ஆய்வாளர் தம் கடமையிலிருந்து வழுவ இயலாது. 1991 பதிப்பின் மெய்யான, சார்பற்ற, இறுதியான வரிசை வருமாறு: கைல், தால்சிம், சுன்-லி, ரியூவும் கென்னும் ஓரிடத்தில், ஹோண்டா, ஸாங்கீஃப், பிளாங்கா. வழக்கமாகக் கடைசியில் வரும் ஸாங்கீஃபுக்கும் கீழே பிளாங்காவை வைத்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். இருமடங்கு சேதம் குறித்த பகுதியை அவர்கள் மீண்டும் படிக்கட்டும். அப்போதும் ஐயம் தீராதவர், மாலை வேளைகளில் ஆய்வாளரின் இல்லத்துக்கு வந்து பிளாங்காவை எடுத்து ஆடிப் பார்க்கலாம். எதிரே கைலை எடுத்துக்கொண்டு குந்தியிருக்க ஆய்வாளரின் மைத்துனர் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறார்.